துணியில்லாத குடை

பேஷன் ஃப்ரூட் என்கிற தாட்பூட் பழத்தை வாலு சாப்பிட்டுத் துப்பிய விதையிலிருந்து முளைத்த கொடி அது. யாரையும் கேட்காமல் சுவரேறியது. வெள்ளையும் ஊதாவுமாக அது பூத்தபோது தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வாலுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த வீட்டுத் தையல்கார அத்தை மட்டும் ஒரு நாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"வாலு, இங்க வா. உன் செல்லம் பண்ணின வேலையைப் பாரு."

அத்தை நட்டிருந்த எலுமிச்சைக் கன்றைக் காணோம். கொடிதான் குவியலாகக் கிடந்தது. வாலு விலக்கிப் பார்த்தாள். உள்ளே கன்று வெளிறிப்போய், பாதி இலையை உதிர்த்துவிட்டு நின்றது.

"கடல் தாண்டி வந்த கொடிடி இது. போற இடத்துல எல்லாம் அடுத்தவங்க வெயிலையும் சேர்த்துச் சாப்பிடுது. நாளைக்கு இழுத்துப் பிடுங்கிடப் போறேன்."

வாலு இன்னும் கிட்டப் போய்க் கன்றைப் பார்த்தாள். கொடியின் பற்றுக்கம்பிகள் ஸ்பிரிங் போலச் சுருண்டு அதன் கிளைகளைப் பிடித்திருந்தன.

"இழுத்தா கன்னு ஒடிஞ்சிடும், அத்தை. நானே எடுக்கறேன். உங்க நூல் வெட்டற கத்தரியைத் தர்றீங்களா?"

ஒவ்வொரு சுருளாக வெட்டினாள். அத்தை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பட்டன் ஓட்டைகூட நான் இவ்வளவு பொறுமையா வெட்டினதில்ல."

கடைசியில் கொடியின் அடித்தண்டையும் வேரையொட்டி வாலுவே வெட்டினாள். ஒரு சிறு துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"மறுபடியுமா?" அத்தையின் புருவம் ஏறியது.

"சுவர்கிட்ட விடமாட்டேன். அது ஏற வேற இடம் இருக்கு."

வாலுவின் அப்பா குடை ரிப்பேர் செய்பவர்; வீட்டு முன்னறைதான் கடை. கடை மூலையில் துணி போய்க் கம்பிக்கூடு மட்டும் மிஞ்சிய குடைகள் கிடந்தன. பழைய வாளியில் மண் போட்டு, அப்படி ஒரு கூட்டை விரித்து நடுவில் ஊன்றினாள். பக்கத்தில் துண்டை நட்டாள்.

"பழுத்தா பறவை தின்னுட்டு, விதையை ஊரெல்லாம் போடுமே?" என்றார் அப்பா.

"அதுக்குள்ள நானே தின்னுடுவேன்."

"பெரிய தியாகம்தான்."

எலுமிச்சை துளிர்த்து நிமிர்ந்தது. கடை வாசலில் பச்சைக்குடை ஒன்று விரிந்து, நிறையப் பூத்தது. நீள நினைக்கும் நுனியை வாலு தினமும் கத்தரித்தாள்.

"இந்தக் குடை என்ன விலை?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

"விக்கறதுக்கு இல்லீங்க," என்றாள் வாலு. "மழைக்கு ஒழுகும்."

"முதல் பழம் எனக்கு," என்று அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.