நாக்கின் எடை

மூன்றாவது நாளும் இரும்புக் குண்டில் பூசிய கிரீஸ் காணாமல் போயிருந்தது.

துணியால் துடைத்த மாதிரி இல்லை. துடைத்தால் நூல் ஒட்டும், அடியில் கறுப்பாக ஒரு வளையமாவது மிஞ்சும். இது சோறு தின்ற நாய் விட்டுப்போன தட்டு போலப் பளபளத்தது. கையில் எடுத்தால் மட்டும் ஒரு பிசுபிசுப்பு. வெர்லின் ஹாகன் விரலை மூக்கருகே கொண்டுபோனான். ஊசிப்போன கொழுப்பு, அதற்கு அடியில் பல் துலக்காத வாயின் நாற்றம். சீ என்று ஜீன்ஸில் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கோக்கிற குண்டு அது. திருட்டுப் போய்விடக் கூடாதென்று கழற்றி டிரெய்லருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவான். சாவி ஒன்றுதான், அதுவும் அவன் இடுப்பில். எலி நக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எலியாவது கிரீஸைத் தின்பதாவது! ஆனால் ஒரு மனிதன் மலிவாக ஒரு பொருளை வாங்கிவிட்டால், அதன் குறையையெல்லாம் மறைத்துப் பேசுகிற வக்கீலாகவும் அவனே ஆகிவிடுகிறான்.

நாலு பக்கமும் தகரம் அடைத்த, எட்டடி நீள டிரெய்லர். ஒரு பண்ணை ஏலத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது. விற்றவன் சாவியைத் தூர நின்று எறிந்தான். அதைக்கூட வெர்லின் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டான். திங்கட்கிழமை வயோமிங்கில் ஜில்லெட் ஊரில் புது வேலை. வீட்டுச் சாமானையும், மனைவி ஜானெலையும், எட்டு வருஷம் காத்துப் பெற்ற ஐந்து மாதக் குழந்தை இங்காவையும் சேதாரமில்லாமல் அங்கே கொண்டு சேர்த்தாக வேண்டும். லாரி பிடிக்கலாம் என்று ஜானெல் தலைதலையாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே.

வண்டியைத் தயார் செய்து கொடுத்தது ஊர் மெக்கானிக் டுவேன். கொக்கிச் சட்டம், விளக்குக்கு ஒயர், டிரெய்லர் பிரேக்குக்குத் தனிப் பெட்டி, கியர் எண்ணெய் சூடாகாமலிருக்க ஒரு குளிர்விப்பான் எல்லாம் மாட்டிவிட்டு, புகையிலைச் சாற்றைக் கோப்பையில் துப்பிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நான் மாட்டினதுல காட்டெருமையைக் கட்டி இழுத்தாலும் ஒண்ணும் ஆகாது. நாக்கை மட்டும் கவனி."

டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டை அந்த ஊரில் நாக்கு என்றுதான் சொல்வார்கள்.

"நூறு பவுண்டு ஏத்தினா பத்துலேர்ந்து பதினஞ்சு நாக்குல உக்காரணும். கம்மியாச்சுன்னா வால் ஆட்ட ஆரம்பிச்சுரும். அப்புறம் வண்டி, பொண்டாட்டி, புள்ள, எல்லாம் பள்ளத்துல."

"எதுல நிறுக்கறது?"

"ஜானெல் குளியலறையில ஒளிச்சு வெச்சிருப்பாளே ஒரு மெஷின், அதுலதான். கேட்டுட்டு எடு. அடி வாங்கினா நான் பொறுப்பில்ல."

அன்று மாலையே காலி டிரெய்லரின் நாக்கைத் தூக்கி எடை பார்க்கும் மெஷின் மேல் இறக்கினான். நூற்றிருபது. கணக்கு சரி. பென்சிலை எடுத்துவிட்டுத் திரும்பியபோது நூற்றைம்பது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது. நூற்றெண்பது. இருநூற்றுப் பத்து. சற்று நின்றது. பிறகு மெதுவாக, ஒருவர் அடிமேல் அடி வைத்துப் பின்சுவர் வரை நடந்துபோகிற வேகத்தில், இறங்கி இறங்கி நாற்பதுக்கு வந்தது.

கதவைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. வெயிலில் வெந்த நாற்றம் மட்டும் முகத்தில் அறைந்தது. பக்கப் பலகையில், அவன் இடுப்பு உயரத்தில், மரம் வழவழவென்று குழிந்திருந்தது. மேய்ச்சல் காட்டில் மாடுகளுக்கு வைக்கிற உப்புக்கட்டி நாளாக ஆக நடுவில் குழியுமே, அதே குழிவு. தொட்டுப் பார்த்தான். ஈரம். விரலை எடுத்தபோது நூல் நூலாகக் கூடவே வந்தது. வேலியோரம் போய் வாந்தி எடுத்தான்.

"தரை சமமா இல்லேன்னா அந்த மெஷின் புளுகும்ப்பா," என்றார் டுவேன் தொலைபேசியில். வெர்லினுக்கு அதை நம்பத்தான் ஆசை. நம்பிவிட்டான்.

ஜானெல் டிரெய்லர் வாசலிலேயே நின்றுவிட்டாள். "உள்ள என்ன செத்துக் கெடக்கு? இதுலயா எம்புள்ளையோட தொட்டிலை ஏத்தப் போற?"

"பிளீச் ஊத்திக் கழுவிட்டேன் ஜானெல்."

"பிளீச்சைத்தான் மோந்து பாக்கறேன். அதுக்கு மேலயும் வருதே!"

மறுநாள் காலை கிளம்பிவிட்டார்கள். ஜூலை வெயில், எதிர்காற்று, இருபுறமும் காய்ந்த புல். தொட்டில், மேசை, துணிப்பெட்டிகளெல்லாம் டிரெய்லரில்; கனமான கருவிப் பெட்டிகள் வண்டியின் பின்பகுதியில், பின்னிருக்கைக்கு அடுத்த சாமான் இடத்தில். குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருந்ததால், அதன் முகம் தெரிய எதிரே ஒரு சின்னக் கண்ணாடி கட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவன் தலைக்கு மேலுள்ள கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் இங்கா தெரிவாள். ஜானெல் அடிக்கடி பின்னால் எக்கி நாக்கை நீட்டிக் காட்டுவாள். இங்காவும் குட்டி நாக்கை நீட்டிவிட்டுக் கெக்கலிப்பாள். பிறந்ததிலிருந்து கற்ற ஒரே வித்தை.

மிசூரி ஆற்றைத் தாண்டியதும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல. பிறகு ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி. ஜானெல் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினாள். எப்படியோ அடுத்த ஓய்விடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

குழந்தைக்காக ஏசியை ஓடவிட்டு, ஜானெல் கழிப்பறைக்குப் போனாள். வெர்லின் நாக்கைக் கழற்றி, கூடவே கொண்டுவந்த மெஷினில் எடை பார்த்தான். அறுபது. இருநூறாவது இருக்க வேண்டும். அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது, பயம் வரவில்லை. டுவேன் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: நாக்கு இலேசானால் முன்னால் கனத்தைப் போடு. கெடுமதி கண்ணுக்குத் தோன்றாது என்பார்கள். டிரெய்லரின் முன்கதவைத் திறந்துவைத்தான். வண்டியின் பின்கதவையும் திறந்துவைத்தான். கருவிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியிலிருந்து டிரெய்லருக்கு மாற்றினான். நாலு நடை. மூன்றாவது நடையில் இருட்டுக்குள் ஏதோ 'சளப்' என்றது. நாலாவது நடையில் அந்தச் சத்தம் இல்லை.

வண்டியின் பின்பகுதி இப்போது காலி. போர்வை மூட்டை ஒன்று மட்டும் கிடந்தது. இரண்டு கதவுகளையும் சாத்தினான்.

அதன்பிறகு டிரெய்லர் சொன்ன பேச்சுக் கேட்டது. அசைவில்லை, ஆட்டமில்லை. "பாத்தியா?" என்றான் பெருமையாக.

"டயபரை மாத்தணும் போல. என்ன நாத்தம் இது," என்றாள் ஜானெல், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு.

அடுத்த தடவை நிறுத்தி மாற்றினாள். டயபர் சுத்தமாகத்தான் இருந்தது. குழந்தையின் நெற்றி ஈரமாக இருந்தது. தலைமுடி ஒரே பக்கமாக மேல்நோக்கிப் படிந்திருந்தது. "வேர்வை," என்றாள். துடைத்த துணியை மோந்து பார்த்துவிட்டு, குப்பையில் போட்டாள்.

நண்பகல் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையம். இங்கா பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். பால் புட்டிக்குச் சுடுதண்ணீர் வாங்க ஜானெல் உள்ளே ஓடினாள். வெர்லின் மனநிம்மதிக்காக ஒருமுறை எடை பார்த்துவிடலாம் என்று டிரெய்லரைக் கழற்றினான். வண்டியை ஓரடி முன்னால் நகர்த்திவிட்டு வந்து, நாக்கை மெஷின் மேல் இறக்கினான்.

இருநூற்று நாற்பது. மனக்கணக்குப் போட்டான். ஏற்றிய சாமானுக்கு வர வேண்டியது பவுண்டு பிசகாமல் அதேதான். ஐந்து நிமிஷம் பார்த்தான். எண் நகரவில்லை.

கதவைத் திறந்தான். மரவாசனை. பிளீச் வாசனை. வேறு ஒன்றுமில்லை. அந்த நாற்றம் அடியோடு போயிருந்தது. சிரித்தேவிட்டான். திங்கட்கிழமை புது வேலை, புது வீடு, எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

திரும்பினான்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது.

டிரெய்லர் கழற்றியாகிவிட்டது. கருவிப் பெட்டிகள் உள்ளே இல்லை. ஒரு போர்வை மூட்டை. அதற்கு வண்டி இப்படி உட்காருமா? ஸ்பிரிங்குகள் நசுங்கி, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே கைகூட நுழையாது.

இங்கா அழவில்லை. எப்போது நிறுத்தினாள்?

நடந்தான். கறுப்புத் தாள் ஒட்டிய பின்கண்ணாடியின் உட்புறம் எச்சில் படிந்து காய்ந்த கோடுகள். கீழிருந்து மேலாக.

ஓட்டுநர் கதவைத் திறந்தான். நாற்றம். கொழுப்பும் வாயும். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

சளப். சளப். சளப்.

ஸ்பிரிங் முனகியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. கனம் முன்னால் வருகிறது. அவனுக்குத் தெரியும். நாக்கை எடை பார்த்தவனுக்கு அது தெரியும்.

தூரத்தில் ஜானெல் புட்டியைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். "இதோ வந்துட்டேண்டி செல்லம்!"

வெர்லின் கண்ணாடியைப் பார்த்தான்.

இங்கா சிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ காட்டி, குட்டி நாக்கை நீட்டினாள். கெக்கலித்தாள். மறுபடி நீட்டினாள்.

இருக்கையின் முதுகுக்கு மேலிருந்து, சாம்பல் நிறத்தில், முழங்கை நீளத்துக்கு, கிரீஸ் மினுங்கும் பதில் நாக்கு ஒன்று இறங்கி வந்து, அவள் மோவாயில் காய்ந்திருந்த பாலை நிதானமாக நக்கியது.