மதியம் இரண்டு முதல் மூன்று வரை

நம் கதவுக்கு உள்ளே நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை என்கிற நிச்சயத்துக்கு என்ன விலை? கயல் அதை மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்றிருந்தாள். நல்ல விலைக்குத்தான் தள்ளிவிட்டோம் என்று ஒரு வாரம் சந்தோஷமாகவும் இருந்தாள். எட்டாம் நாள், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பியபோது, பூத்துக்குள் மாட்டியிருந்த ஹெட்போனின் பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

பூத் என்பது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற சின்ன அறை. நாலடிக்கு ஐந்தடி. ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான். உள்ளே உட்காருபவருக்குச் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கயலின் மேஜைமேல் சிவப்பு விளக்கு எரியும். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. கயல் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமே அதுதான்.

இடம் தி.நகரில், நகைக்கடைகளின் ஜெனரேட்டர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உறுமுகிற ஒரு சந்தில், பழைய கட்டடத்தின் முதல் மாடி. சத்தம் புகக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்தாயிற்று. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவுதான். கட்டடத்தின் சொந்தக்காரர் முருகையன் மேல்மாடியில் தனியாக இருந்தார். எழுபது வயது, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா.

சொந்தக்காரர் உள்ளே வர வேண்டுமானால் ஒரு நாள் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும், தொழிலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கிற வரி. அதில் முதல் பாதியை அடிக்கச் சொன்னார் முருகையன்.

"இடைஞ்சலுக்குப் பேச்சே இல்லம்மா. ரெண்டுல இருந்து மூணு, நீ சாப்புடப் போற நேரம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் சாவில தொறந்து வந்துட்டுப் போய்டுவேன். சொல்லிக்கினு இருக்க மாட்டேன். அதுக்கு வாடகைல மூவாயிரம் கொறச்சுக்க."

வேறு யாராவது இருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். கயல் பாரிமுனைப் பாத்திரக்கடைக்காரரின் மகள். அவள், "ஆறாயிரம்" என்றாள். நாலரையில் பேரம் முடிந்தது. கையெழுத்துப் போடும்போது, விட்டுக்கொடுத்தவள் போலத் தோன்றக்கூடாதே என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். மெஷின் விலை அதிகம். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

முருகையன் முகம் மலர்ந்துவிட்டது. "எழுதிர்றேன். எண்ணிக்கைல நான் தப்பே பண்ண மாட்டேன்."

பஞ்சு வெதுவெதுப்பாக இருந்த அன்றுதான் அவள் நோட்டைப் புரட்டினாள். எட்டு நாளும் ஒரே மாதிரி, அச்சுப்போன்ற எழுத்து. உள்ளே 2. வெளியே 1.

கிழவருக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்.

"ரெண்டு பேர் வந்து ஒருத்தர் போனதா எழுதியிருக்கீங்களே சார்?"

"ஆமா."

"அப்போ இன்னொருத்தர்?"

"உன் தொழிலுக்கு எதுனா இடைஞ்சல் ஆவுதா?"

"இல்ல, ஆனா..."

"அப்புறம் இன்னாம்மா" என்று சிரித்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் மூன்று மணிக்குக் கதவைத் திறக்கும்போது ஊறிய சாக்கின் வாடை முகத்தில் வந்து மோதியது. ஊதுபத்தி ஏற்றினாள், ஏசிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள், வாடை அடங்கவில்லை. பூத்துக்குள் தரைவிரிப்பு நாளுக்கு நாள் நசுங்கிக்கொண்டே வந்தது, நெரிசலில் நின்று கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்ததுபோல. யாருமே உள்ளே இல்லாத வேளையிலும் மேஜைமேல் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கென்று எரிந்து அணையும். ஒயர் கோளாறு என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் ஹாஜிரா பீ வந்தார். அறுபத்தெட்டு வயது, பக்கத்தில் நின்று கூவினால்தான் காது கேட்கும். பூத்தில் உட்கார வைத்துச் சோதித்தால், எறும்பு ஊர்கிற சத்தத்துக்குக்கூட விளக்கு எரிந்தது. பச்சைக் குழந்தைக்கும் அவ்வளவு கேட்காது. கயல் கதவைத் திறந்து, காதருகே குனிந்து கேட்டாள்.

"எல்லாத்துக்கும் அமுக்கினீங்களேம்மா, நெஜமா கேட்டுச்சா?"

"நான் எங்க அமுக்கினேன்? பக்கத்துல இருந்தவங்கதான் என் கையைப் புடிச்சு அமுக்கினாங்க." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, இத்தினி பேரையா ஒரே ரூம்ல அடைப்பே? மூச்சு முட்டுது."

கயல் அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. இந்த ஊரில் கயல் இலவசமாகச் செய்த முதல் காரியம் அது. அவர் படியிறங்கியதும் தரகர் டில்லிபாபுவுக்கு போன் போட்டாள்.

"எனக்கு இந்த இடம் வேணாங்க. காலி பண்ணிர்றேன்."

"இன்னா மேடம், ஒரு மாசம்கூட ஆவல! மூணு வருசம் அசையக்கூடாதுன்னு சைன் போட்டுக்கீறீங்க. இப்ப போனா பத்து மாச அட்வான்ஸு அம்பேல்."

"பூட்டை மாத்திட்டா?"

"மாத்துங்க. அக்ரிமெண்ட்ட மீறினது நீங்கன்னு ஆயிடும். அப்பவும் அட்வான்ஸு அம்பேல். மேடம், அந்த நாலரைக்கு அன்னிக்கு எவ்ளோ சந்தோசப்பட்டீங்க!"

அட்வான்ஸும் மெஷினும் கொட்டிவாக்கத்து வீட்டை அடகு வைத்து வாங்கியவை. அந்த வீட்டில் அம்மா இருக்கிறாள். இந்தக் கதவு மூடினால் அந்தக் கதவை வங்கி பூட்டும். கயல் இரண்டு இரவு தூங்காமல் புரண்டாள். வழி ஒன்றுதான் தெரிந்தது. யாரை அழைத்து வருகிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் தான் உள்ளே இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

இருபத்தைந்தாம் நாள் அவள் சாப்பிடப் போகவில்லை.

இரண்டு ஐந்துக்குச் சாவி திரும்பியது. முருகையன் நுழைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார். யாரும் வரவில்லை. வாடை மட்டும் வந்தது. பிறகு பூத்தின் கதவையும் அதே மரியாதையோடு திறந்து, காத்திருந்து, சாத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இங்கியே கீறியா? நான் ஒண்ணும் இடைஞ்சல் இல்லியே?" என்றபடி வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு சார் அவங்க எல்லாம்?" கயல் கைகூப்பினாள். "உங்க கால்ல விழறேன். கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. எங்கம்மா வீடு சார்."

"நான் கூட்டியாந்து உடறவன். அனுப்பறது என் கைல இல்ல." பேனாவின் மூடியைக் கழற்றினார். "கதவத் தொற. போறவங்க போவட்டும். எண்ணிக்க."

திறந்தாள். வாசல் கதவையும் அகலமாகத் திறந்து வைத்தாள். ஈரமாக ஏதோ அவள் கையை உரசிக்கொண்டு போனது. வெளியே மரப்படிக்கட்டின் முதல் படி கிறீச்சிட்டது.

ஒன்று.

அடுத்த கிறீச். இரண்டு. பாரம் மிகுந்த காலடி, இழுத்து நடக்கிற காலடி, குழந்தையுடையது போல ஒன்று. கயல் விரல்களை மடக்கி எண்ணினாள். பதினொன்று. பதினெட்டு. வாடை குறைந்துகொண்டே வந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. இருபத்து மூன்று. இருபத்து நாலு.

அப்புறம் படி கிறீச்சிடவில்லை.

இருபத்து நாலு நாள், இருபத்து நாலு பேர். இன்றைக்கு ஒருவர். மொத்தம் இருபத்தைந்து.

ஒன்று குறைகிறது.

ஓடியிருக்கலாம். வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு யாரை உள்ளே உட்கார வைப்பாள்? கடன் எப்படி அடையும்? அப்பாவின் கடையில் ஒரு கரண்டி குறைந்தாலும் ஷட்டரை இறக்க மாட்டார்கள். கயல் பூத்துக்குள் போனாள்.

நாற்காலி காலி.

"நீங்களும் போயிடுங்க" என்றாள். "தயவுசெஞ்சு."

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெத்தென்று.

கைப்பிடியைத் திருப்பினாள். திரும்பியது. கதவு வரவில்லை.

கத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் முருகையன் தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறை கூட்டினார். சரிபார்த்தார். பிறகு எழுந்து வந்து, நோட்டை அவள் பார்க்கிற மாதிரி கண்ணாடியில் சாய்த்து வைத்தார். பேனாவைப் பையில் செருகினார். விளக்கை அணைத்தார். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

இருட்டு.

தடவினாள். பொத்தான் கையில் கிடைத்தது. அமுக்கினாள். வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த ஒரு நொடியில் நோட்டின் முதல் வரி தெரிந்தது.

உள்ளே 51.

நாளுக்கு இரண்டாக ஐம்பது, அதோடு அவளையும் சேர்த்திருக்கிறார். மறுபடி அமுக்கினாள்.

வெளியே 49.

பொத்தான் நழுவிக் கீழே விழுந்தது. குனியப் போனாள். குனியவில்லை.

விளக்கு எரிந்தது. அணையாமல், நின்று எரிந்தது.

மீதி 2.