ஒரே பெயரில் இருவர்

"அந்த ஜன்னலைச் சாத்தக் கூடாதா, காங்? நான் பாதி நனைஞ்சாச்சு."

தாகோ சாலையில் ஏறிக்கொண்டிருந்த அங்கோட் வேனில், எதிரே இருந்தவனிடம் ரெங்கானிஸ் சொன்னபோது, அண்ணன் என்று பொருள்படும் அந்தக் 'காங்'கில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை. அவன் கண்ணாடியை இழுத்துக் காட்டினான். அது அசையவே இல்லை. பிறகு தன் முதுகாலேயே அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு சிரித்தான். மழைத்துளி ஒன்று அவன் இமையில் தங்கி நின்றது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்... பார்த்தாள்.

பாண்டுங் மழை விடாமல் கொட்ட, இருவரும் ஒரே இடத்தில் இறங்கி, ஒரே கட்டடத்துக்குள் ஓடினார்கள். ஒரே மாடிப்படி. ஒரே கதவு.

"என் பின்னாடியே வர்றீங்களா?" என்றாள்.

"முன்னாடி போறவன் எப்படிங்க தேதே பின்னாடி வர முடியும்?" பதிலுக்கு அவனும் அவளை அக்கா என்றே மரியாதையாக அழைத்தான்.

அவன் ஜாத்மிகா. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பொறியாளன்.

நோயாளிகளுக்குப் பதில் சொல்லவும் செய்தி அனுப்பவும் கிளினிக்குகளுக்கு ஏஐ ஏஜென்ட் செய்து தரும் சிறிய அலுவலகம் அது. யார் பேசுகிறார்கள், அவர்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று ஏஜென்ட் தேடிப் பார்க்க ஒரு கருவி வேண்டும். அதைக் கட்டுவது அவன் வேலை. எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட் படிப்பதற்கு விளக்கம் எழுதுவது அவள் வேலை. அவன் எழுதித் தந்தது ஒரே வரி. பெயரைக் கொடுத்தால் கணக்கு விவரம் வரும்... அவ்வளவுதான்.

"இது போதாதா?" என்று கேட்டான்.

"அதுக்கு முகம் சுளிக்கத் தெரியாது, காங். புரியலைன்னா நம்மகிட்ட வந்து கேட்காது. தானா எதையோ நினைச்சுக்கிட்டு நடந்துக்கும்."

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்புறம் எத்தனையோ சாயங்காலங்கள் அப்படியே போயின. இஞ்சி மணக்கும் பந்த்ரெக் பானம் ஆறிப்போகும்வரை ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுவார்கள். அவன் கிளம்பியதும் அந்த நாற்காலியை அவள் நகர்த்தி வைக்க மாட்டாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா... நானாகச் சொன்னால்தான் என்ன...

சொல்வதற்குள் அது நடந்துவிட்டது.

லெம்பாங்கில் ஒரு மகப்பேறு கிளினிக்கில் சோதனை ஓட்டம். நூர்யாதி என்ற பெயரில் அங்கே இரண்டு பேர். இருவருக்கும் அந்த ஒற்றைப் பெயர்தான். ஏஜென்ட் முதலில் வந்த கணக்கை எடுத்துக்கொண்டு, குழந்தை நன்றாக வளர்கிறது, அடுத்த பரிசோதனைக்கு வாருங்கள் என்று மற்றவளுக்குப் போக வேண்டிய செய்தியை அனுப்பிவிட்டது. அந்த நூர்யாதியோ போன மாதம்தான் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் நீயாகத் தேர்ந்தெடுக்காதே, பிறந்த தேதியைக் கேள் என்று ரெங்கானிஸ் எழுதியிருந்தாள். விளக்கம் நீண்டால் ஏஜென்ட் மெதுவாகிறது என்று, அவளைக் கேட்காமலே ஜாத்மிகா அதை வெட்டியிருந்தான். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தவறு என்னுடையது என்று அவனே சொன்னான். அந்த வரி அன்றே திரும்பச் சேர்ந்தது. ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க அவனுக்குத் தோன்றவில்லையே... அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். அவன் தன் நாற்காலியைத் தன் மேஜைக்கே கொண்டுபோய்விட்டான். ஒரே அறையில், அவன் இருமினால்கூட அவள் காது அங்கேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கிளினிக்கில் நூர்யாதியின் சம்மதத்தோடு விலாசம் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க லெம்பாங் போனாள். கதவைத் தட்டினாள். உள்ளே, பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான் ஜாத்மிகா. அவனும் அதற்காகத்தான் வந்திருந்தான்.

நூர்யாதி அவர்களைத் திட்டவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தச் செய்தியை அழிக்க இன்னும் மனசு வரவில்லை, ஒரு நிமிஷம் அதை நம்பினேன் என்று மெல்லச் சொன்னாள். ரெங்கானிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது நூர்யாதி கேட்டாள், "ஒரே ஆபீஸ்தானே? ஏன் தனித்தனியா வந்தீங்க?"

இருவரும் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே இறங்கும் பாதையில் தூறல் போட்டது. அவன் இரண்டடி பின்னால் வந்தான்.

"தேதே... நான் வேலையை விடுறதா எழுதிக் கொடுத்துட்டேன்."

அவள் நின்றாள். "எதுக்கு?"

"உங்க பக்கத்துல உட்கார முடியாம, தூரத்துலேர்ந்து உங்களையே பார்த்துக்கிட்டு... முடியலைங்க."

இத்தனை நாள் கோபம் என்று எதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்?

"கேட்காம வெட்டினது தப்பு," என்றாள்.

"தப்புதான்."

"கேட்காம வேலையை விடுறதும் தப்பு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்கள் நிறைந்திருந்தன. துடைக்கவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, காங். ரொம்ப நாளா..."

தூறல் வலுத்தது. அவன் அசையாமல் நின்றான். பிறகு, கேட்டது நிஜம்தானா என்ற பயம் தீராத குரலில், "இன்னொரு தடவை சொல்லுங்க, ரெங்கானிஸ்," என்றான்.

அவள் பக்கத்தில் வந்து நின்று, சொன்னாள்.