கூப்பிடாத பெயர்

காலையிலேயே போரெய் சிரித்தான். அதுதான் முதல் கோளாறு.

வெயில் ஏறும் வரைக்கும் வாயைத் திறக்காத மனுஷன் அவன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து தாரிக்கு அது பழக்கம். வேனைத் துடைப்பான், தண்ணீர் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்குவான், கேட்டால் தலையை ஆட்டுவான். அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஓட்டல் வாசலில் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாலிஸ், தன் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். வழிகாட்டியான தாரிக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்தவள். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

தாரி நடந்து வந்தாள். அவளுடைய இடது செருப்பின் வார் பிய்ந்து ஒரு வாரமாகிறது. அடி வைக்கும்போதெல்லாம் சளக், சளக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"என்ன அப்படிச் சிரிப்பு?"

"சும்மா, ஒரு நாய் வீடியோ," என்றான் போரெய்.

"இந்தச் செருப்பைத் தைச்சுத் தரச் சொல்லி எத்தனை நாளாச்சு?"

"தைக்கலாம், தைக்கலாம்."

போன வாரம் மாலிஸின் குடைக்கம்பி வளைந்தபோது, இடுக்கியை எடுத்துக்கொண்டு ஓடியவன் இவன்தான். தாரி முன் இருக்கையில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். அது அவளுடைய இடம். வேன் வாங்கிய நாளிலிருந்து போரெய்க்குப் பக்கத்து இருக்கை அவளுக்குத்தான். மாலிஸ் கடைசி வரிசையில்.

பயணிகள் ஐந்தாறு பேர், எல்லோரும் ஹாலந்துக்காரர்கள், நல்ல மாதிரியான மனிதர்கள். முதலில் நூடுல்ஸ் பிழியும் கிராமம். கொதிக்கும் அண்டாவுக்கு மேல் மரப்பலகையில் ஏறி உட்கார்ந்து அரிசி மாவைப் பிழிந்துகொண்டிருந்த செம்பே என்ற பெண்மணி வாய் ஓயாதவள். பச்சைக் குழம்பும் வாழைப்பூவும் போட்டுக் கிண்ணங்களை நீட்டும்போது, போரெய் பக்கத்தில் நின்ற மாலிஸைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தாள்.

"என்னப்பா, பொண்டாட்டி இவ்வளவு சின்னப் பொண்ணா? பார்த்துக்கோ, எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்!"

போரெய் மறுக்கவில்லை. அசட்டுத்தனமாகத் தலையைச் சொறிந்தான். மாலிஸ்தான் சிவந்துபோய், "ஐயோ, இல்லக்கா, அவங்கதான்" என்று தாரியைக் காட்டினாள். செம்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாரியின் கிண்ணத்தில் ஒரு பிடி நூடுல்ஸ் கூடுதலாக விழுந்தது. அந்தக் கூடுதல் பிடிதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்தது பனைவெல்லம் காய்ச்சும் இடம். புகையும் இனிப்பும் கலந்து மூச்சை அடைத்தது. பயணிகள் அடுப்பைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாலிஸ் எட்டிப் பார்த்து, "பாங், தண்ணி பாட்டில் எங்க?" என்று போரெயைக் கேட்டாள்.

பாங். அந்த ஊரில் மூத்தவர்கள் எல்லோரும் பாங்தான். அண்ணனும் பாங், அக்காவும் பாங், கட்டிய புருஷனும் பாங். அதைப்போல இளையவள் ஓன். தங்கையும் ஓன், ஆசை மனைவியும் ஓன். ஊரே நாள் முழுக்கச் சொல்லும் சொல். ஆனால் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரும்போது அது எந்த பாங் என்று தாரிக்குப் பிடிபடுவதில்லை. மாலிஸைப் பனைமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"இனிமே அந்தச் சொல் உன் வாயில வரக் கூடாது."

"எந்தச் சொல், பாங்?"

"இதோ, இதுதான்! அவரையும் அப்படிச் சொல்லாதே, என்னையும் சொல்லாதே. நான் உன் கூடப் பொறந்தவளா?"

மாலிஸின் கண்ணில் நீர் தளும்பியது. "நான் என்ன தப்புப் பண்ணேன்? சரி, உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"கூப்பிடவே கூப்பிடாதே."

சொல்லி முடித்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது, உண்மையைச் சொல்லப்போனால்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கோயிலுக்குப் போனார்கள். பெரிய கோயில்களின் கூட்டம் இங்கே வராது. காட்டுக்குள் பாதி இடிந்து கிடக்கும் கோயில். இலவ மரங்களின் வேர்கள் கூரைக் கற்களைப் பிளந்துகொண்டு தரைவரை இறங்கியிருந்தன. உள்ளே நுழைந்தாலே வௌவால் எச்சத்தின் நெடியும், ஈரப் பாசியின் வாடையும், எப்போதோ யாரோ கொளுத்திய ஊதுபத்தியின் மிச்சமும் மூக்கில் ஏறும். வெளியே சில்வண்டுகள் காது கிழிய இரைந்துகொண்டிருந்தன.

நடுவில் ஓர் இருட்டறை உண்டு. அங்கே கைதட்டினால் எதிரொலி வராது. கத்தினாலும் வராது. சுவரில் முதுகைச் சாய்த்து நெஞ்சில் குத்தினால் மட்டும் அறை முழுக்க முழங்கும். பயணிகளுக்கு இதுதான் பிடித்தமான வித்தை. தாரி வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து நெஞ்சில் குத்திக் காட்டினாள். தொம். தொம். தொம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவள் கையைக் கீழே இறக்கினாள்.

தொம்.

பயணிகள் கைதட்டினார்கள், இதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்து. தாரி தன் கையைப் பார்த்தாள். அது தொடையோடு ஒட்டித்தான் இருந்தது. எதிர்ச்சுவரில், மாலிஸ் நிற்கும் பக்கத்திலிருந்து வந்திருக்கும், அவள்தான் வேடிக்கைக்குக் குத்தியிருப்பாள் என்று திரும்பினாள். மாலிஸ் அறையிலேயே இல்லை. வாசலுக்கு வெளியே போரெயோடு நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தாரிக்கு அந்தச் சத்தம் மறந்துபோயிற்று.

தாழ்வாரம் வழியாக வேகமாக வெளியே நடந்தாள். சளக், சளக், சளக். அவள் நின்றாள். பின்னால் இருட்டில் இன்னொரு சளக். திரும்பிப் பார்த்தாள். கல், வேர், இருட்டு. வேறு ஒன்றும் இல்லை.

கோயிலை விட்டுக் கிளம்புவதற்கு முன் வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி உயிரைக் கூப்பிட வேண்டும். ஓர் உடம்புக்குள் பத்தொன்பது உயிர் குடியிருக்கிறது. எல்லாமே பயந்தாங்கொள்ளிகள், காட்டையும் பழைய கல்லையும் கண்டால் அங்கேயே தங்கிவிடும். ஒன்றிரண்டு தங்கினால் காய்ச்சல் வரும், சோறு இறங்காது. பத்தொன்பதும் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. வெறுமையான உடம்பை வெகுநேரம் வெறுமையாக விட்டுவைக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்வார்கள். யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இதில் ஒரு விதி. தன் உயிரைத் தானே கூப்பிட முடியாது. தாரி எல்லோரையும் கூப்பிடுவாள். கடைசியில் மாலிஸ், "பாங், வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று தாரியைக் கூப்பிடுவாள். மூன்று மாதமாக அப்படித்தான் நடக்கிறது.

தாரி வாசற்படியில் நின்று தன் வாயில் நுழையாத ஹாலந்துப் பெயர்களையெல்லாம் கூப்பிட்டாள். "கல்லுல தங்காதே, மரத்துல தங்காதே, வா, வீட்டுல சோறு இருக்கு." போரெயைக் கூப்பிட்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

மாலிஸ் காத்து நின்றாள்.

"மாலிஸை விட்டுட்டியே," என்றான் போரெய்.

"தொண்டை கட்டிக்கிச்சு."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கோயிலைப் பார்த்துத் திரும்பி, அவனே கூப்பிட்டான். "மாலிஸ், ஓன், வா. கல்லுல தங்காதே. வீட்டுக்குப் போகலாம்."

ஓன்.

அந்தச் சொல்லை அவன் தாரியிடம் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது? அவளுக்கு ஞாபகமே வரவில்லை. காதுக்குள் இரைச்சல் எடுத்தது. பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளே, என்னுடையதை என் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டாளே என்று உள்ளே யாரோ அலறினார்கள்.

போரெய் பயணிகளோடு முன்னால் இறங்கிவிட்டான். இப்போது தாரியைக் கூப்பிட மாலிஸின் முறை. வாயைத் திறந்தாள். தாரியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேனைப் பார்த்து நடந்துவிட்டாள்.

பயந்துட்டா, என்று தாரிக்கு அப்போதும் ஒரு சந்தோஷம். வேண்டும் அவளுக்கு. அந்தச் சந்தோஷத்தில், தன் உயிரை யாரும் கூப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

வாசலிலிருந்து சாலை வரைக்கும் கல் பாவிய நீளப் பாதை, இரண்டு பக்கமும் நாகத்தின் உடம்பு கைப்பிடிச் சுவராக ஓடும். எல்லோரும் முன்னால் போகட்டும், இந்த மூஞ்சியோடு யாரையும் பார்க்க வேண்டாம் என்று தாரி அந்தக் கல் நாகத்தின்மேல் உட்கார்ந்தாள். அழுதாள். நன்றாக, தோள் குலுங்க அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கவும் அழுதாள்.

சில்வண்டுகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் கவனித்தாள். அவள் அழும் சத்தமும் இல்லை.

சளக்.

பின்னாலிருந்து வந்தது. கோயிலிலிருந்து. சளக், சளக். நிதானமான நடை, வீட்டுக்குத் திரும்புகிறவளின் நடை. அவளைத் தாண்டிப் போயிற்று. வௌவால் நெடி ஒன்று மெல்லக் கடந்தது. பாதையில் யாரும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வேனைப் பார்த்துப் போயிற்று.

தாரி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

வெறுங்கால். செருப்பைக் காணோம்.

எழுந்தாள். உடம்பில் கனமே இல்லை. ஓடினாள். கல் காலில் உறைக்கவில்லை. பாதையின் கடைசிக் கல்லில் கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. எதிரே, கூப்பிடு தூரத்தில், வேன். பயணிகள் ஏறிவிட்டார்கள். முன்கதவு திறந்திருந்தது. போரெய் தரையில் மண்டியிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் இடத்தில். அவள் இருக்கையில்!

அந்த நிலைமையிலும் பயத்தை முந்திக்கொண்டு பொறாமைதான் வந்தது. அடிப் பாவி, நான் இருக்கும்போதே உட்கார்ந்துட்டியா? மாலிஸின் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். அப்போது மாலிஸைப் பார்த்தாள். வேனின் கடைசி ஜன்னலில்.

போரெய் கையில் இடுக்கியும் கம்பியும். பிய்ந்த செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். மடியில் இருந்த பாதத்தின் கட்டைவிரலில் ஒரு சுட்ட தழும்பு. சின்ன வயதில் வெல்லப் பாகு சிந்திய தழும்பு.

தாரியின் தழும்பு.

"இவ்வளவு நாளா தைச்சுத் தராம விட்டுட்டேனே," என்றான் போரெய். "கோவமா, ஓன்?"

ஓன் என்றான்.

முன் இருக்கையில் இருந்தவள் அவன் தலைமுடியைக் கோதினாள். தாரியின் கைதான். தாரியின் வளையல்தான். இத்தனை வருஷத்தில் தாரி அப்படிக் கோதியதில்லை.

நான் இங்க இருக்கேன். குரல் வரவில்லை. இங்க பாருங்க. வரவில்லை. கையை மடக்கி நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். நெஞ்சில் சத்தமில்லை. பின்னால், வெகு உள்ளே, அந்த இருட்டறையில் கேட்டது.

தொம்.

கடைசி ஜன்னலில் மாலிஸ் வெடுக்கென்று தலையைத் திருப்பினாள். முன் இருக்கையைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள். தாரி நின்ற இடத்தையே பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. தாரி விலக்கிவைத்த அந்தச் சொல்லை எடுத்தாள்.

"பாங்... பாங் தாரி, வாங்க. கல்லுல தங்காதீங்க. வீட்டுக்குப்..."

தாரியின் கால் அசைந்தது. கல்லை விட்டு ஒரு விரல் எழும்பியது.

"இதோ இருக்கேனே," என்றாள் முன் இருக்கையில் இருந்தவள், மாலிஸைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "யாரைக் கூப்பிடறே?"

விரல் மறுபடி கல்லில் அழுந்தியது.

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. வேன் கிளம்பியது. செம்மண் புழுதிக்குள், முன் இருக்கையில் இருந்தவளின் தலை போரெயின் தோளில் சாய்வது தெரிந்தது. அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான், காலையில் சிரித்தானே, அதே சிரிப்பு.