இன்னும் பாவனையில்

திறந்திருந்ததையெல்லாம் மூடிவிட்டு, எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவதற்கான பச்சை அம்புக்குறியை விஜயகலா அழுத்தியபோது கம்பியூட்டர் மறுத்தது. இப்போது நிறுத்த முடியாது, டிஸ்க் இன்னும் பாவனையில் இருக்கிறது, ஏதோ ஒன்று அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று திரையில் எழுத்து வந்தது.

யார் பாவிக்கிறார்கள்? அவளைத் தவிர அங்கே யாருமில்லை.

கஹவத்தை பஸாரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது றிஸ்மியின் ஸ்டூடியோ. கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்ப்பது கலாவின் வேலை. முதலாளி றிஸ்மி பெல்மதுளைக்குப் படம் பிடிக்கப் போயிருந்தார். பின்னேரத்தையே இருட்டாக்கிக்கொண்டு மழை கொட்டியது. தகரக்கூரையில் அது விழுகிற இரைச்சலுக்கும், கீழேயிருந்து ஏறிவந்த சூட்டுப் பாண் வாசனைக்கும் அடியில், டிஸ்க் சுழல்கிற மெல்லிய முனகலும், நடுநடுவே யாரோ பலகையை நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தமும் கேட்டுக்கொண்டேயிருந்தன.

அந்த டிஸ்க்குக்குள் சுமித்ராவின் கல்யாணம் இருந்தது. இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். தை மாதம் கல்யாணம். வைகாசி மழையில் மலைச்சரிவு இறங்கி, புதுமணத் தம்பதி குடியிருந்த வீட்டை அப்படியே மூடிவிட்டது. மாப்பிள்ளையின் உடலை எடுத்தார்கள். சுமித்ரா கிடைக்கவில்லை. அல்பமும் போட்டோக்களும் அந்த வீட்டோடு போயின. மகளின் முகத்தைப் பார்க்க அவளுடைய தாய் மூக்காயிக்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான். நாளைக்குக் கருமாதி. வீடியோவை டீவீடீயில் போட்டுக் கொண்டுவருவதாகக் கலா வாக்குக் கொடுத்திருந்தாள். ஸ்டூடியோவில் டீவீடீ அடிக்கும் மெஷின் பழுது. டிஸ்க்கைக் கழற்றி எதிர்க்கடைக்குக் கொண்டுபோனால்தான் உண்டு.

மறுபடியும் அழுத்தினாள். அதே பதில். றிஸ்மிக்கு போன் எடுத்தாள்.

"நானா, டிஸ்க்கக் கழட்ட விடமாட்டேங்குது."

"உள்ள என்னமோ ஓடிட்டிருக்கும் கலா. வயர அப்படியே புடுங்கிராத. பாதியில அறுந்தா உள்ள இருக்கிறது நாசமாப் போயிரும். கம்பியூட்டர ஒழுங்கா ஓஃப் பண்ணு. டிஸ்க் லைட் அணையட்டும், பொறகு கழட்டு."

நிறுத்துவதற்கு முன் வீடியோ நன்றாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். கோயில் மண்டபம். நாதஸ்வரம். முந்தானையால் கண்ணைத் துடைக்கும் மூக்காயி. மாப்பிள்ளை தாலியை இரண்டு கையாலும் பிடித்துக் குனிகிறார். அவருக்குப் பக்கத்து மணைப் பலகை வெறுமையாக இருந்தது. அவருடைய விரல்கள் காற்றில் நின்று முடிச்சுப் போட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. அட்சதை வெறும் பலகையில் விழுந்து சிதறியது. எல்லோரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கலா வீடியோவை முன்னே இழுத்தாள். குடும்பப் படத்தில் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. விடைபெறும்போது மூக்காயி இரண்டு கையையும் வளைத்து, ஒன்றுமில்லாததைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

பார்த்துப் பார்த்துத் தானே வெட்டிய படம். ஒவ்வொரு காட்சியிலும் சுமித்ரா இருந்தாள். போன கிழமைகூட இருந்தாள்.

டிஸ்க்கின் சிவப்பு லைட் வேகமாகத் துடிக்க ஆரம்பித்தது. எதையோ அவசரமாக இடம் மாற்றுகிறபோது துடிக்குமே, அப்படி.

கம்பியூட்டரை நிறுத்தினாள். திரை கறுத்தது. காற்றாடி ஓய்ந்தது. டிஸ்க் ஓயவில்லை. அதற்குத் தனி கரண்ட் வயர் இருக்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுவரில் இருந்த சுவிட்சையும் போய்த் தட்டினாள்.

அப்போதும் சுழன்றது.

பாண் வாசனை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறொரு வாசனை. மண். இப்போதுதான் பிளந்த, வேர் அறுந்த, ஈர மண்.

சுரண்டல்.

நின்றது.

பிறகு ஒரு மூச்சு. வாய் அடைபட்டவர்கள் இழுக்கிற மாதிரி.

இன்னொன்று.

அவள் கை வயரைப் பிடித்தது. புடுங்கிராத என்று நானா சொன்னது காதில் நின்றது. நாளைக்கு மூக்காயியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"கலா."

டிஸ்க்குக்குள்ளிருந்து. சுமித்ராவின் குரல்.

"பொறுடி. இன்னுங் கொஞ்சந்தான்."

இழுத்தாள்.

லைட் அணைந்தது. எல்லாம் அடங்கியது. மழை மட்டும். கலா தரையில் உட்கார்ந்து, பிடுங்கிய வயரைக் கையில் பிடித்தபடி அழுதாள். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ, போன் அடித்தது. மூக்காயி வீட்டு நம்பர்.

"கலா புள்ள! அவ வந்துட்டாடி!" கிழவி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"யாரு பெரியம்மா?"

"எம் மகதான். கல்யாணச் சேலையோட வாசல்ல நிக்கிறா. கூப்புட்டா உள்ள வரமாட்டேங்குறா."

"பெரியம்மா, கதவச் சாத்துங்க. பெரியம்மா!"

"இரு புள்ள, டோர்ச் அடிச்சுப் பாக்குறேன்."

காலடி. கூரையில் மழை. பிறகு மூக்காயியின் குரல், மிகவும் சின்னதாக.

"வலது பக்கம் எல்லாம் சரியா இருக்கு புள்ள. காதுல தோடு, கையில மருதாணி, எல்லாம் இருக்கு. இந்தப் பக்கம்..."

"பெரியம்மா?"

"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அதுவழியா பின்னால மழ பேயிறது தெரியுது." மூச்சு வாங்கினாள். "இருக்கிற ஒரு கையால எங் கையப் புடிச்சுக்கிட்டா கலா. விடமாட்டேங்குறா."