விட்டுட்டேனாம்

கதவுக்கு வெளியே ஒன்பது ஜோடி செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்பதின் மேலும், விரல் வைத்தால் தடம் பதிகிற அளவுக்குத் தூசி.

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஆட்கள் இருக்கிறார்கள், செருப்பில் மட்டும் பல வருஷத்துத் தூசி. மாடியில் ஏதாவது சிமெண்ட் வேலை நடந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அவளும் தன் செருப்பைக் கடைசியில் கழற்றி விட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். குடித்துவிட்டு வேலைக்குப் போய் இரண்டு முறை பிடிபட்டாள். மூன்றாவது முறை, ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்து வீட்டுக் கூடத்தில் விழுந்து கிடந்தாள். அன்றிலிருந்து குழந்தை சித்தி வீட்டில். அந்தத் தங்கைதான் நாலு இடத்தில் விசாரித்து இந்த விலாசத்தைத் தேடிப் பிடித்தாள்: குடியை விட நினைப்பவர்களின் கூட்டம், மாலை ஆறு மணி, இரண்டாம் மாடி.

"ஒரு மணி நேரந்தான்க்கா. நானும் பாப்பாவும் கார்லயே இருக்கோம். பயப்படாம போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அறையில் வட்டமாகப் பத்து நாற்காலிகள். ஒன்று மட்டும் காலி. டியூப் லைட் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருக்க, ரொம்ப நாளாகத் திறக்காத அலமாரியின் புழுங்கிய வாடை திரைச்சீலையிலிருந்தும், சுவரிலிருந்தும், உட்கார்ந்திருந்தவர்களின் உடுப்பிலிருந்தும் கிளம்பி மெல்ல அவள் தொண்டைக்குள் இறங்கியது. பின்னால் கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

"வாம்மா, உக்காரு" என்றார் கூட்டத்தை நடத்துகிற வழுக்கைத் தலைக்காரர். பஸ் டிரைவராக இருந்தவராம். "நானே ஆரம்பிக்கிறேன். நான் குடிய விட்டு ஆறு வருஷம் ஆகுதாம்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"போன மாசம் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம். நான்தான் முன்னால நின்னு நடத்தினேனாம். பொண்ணு காலைத் தொட்டப்ப அழுதுட்டேனாம்."

தன் வீட்டுக் கல்யாணத்தை யாராவது இப்படி ஊரார் சங்கதி போலச் சொல்வார்களா? கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்து, டீச்சர் என்று எல்லோரும் அழைத்த ஒரு பெண். "என் மாமியார் இப்பல்லாம் என்னை வாய் நிறைய 'மகளே'ன்னு கூப்பிடறாங்களாம். நான் நல்லா சிரிக்கிறேனாம்." சொல்லிவிட்டு மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஆள் தையல்காரர். நிமிரவே இல்லை. "விட்டுட்டேனாம்." அவ்வளவுதான்.

கைதட்டல் ஓய்ந்தது. அந்த அமைதியில்தான் அவள் கவனித்தாள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாளெல்லாம் சொல்லி, மனிதர்களின் நெஞ்சைப் பார்த்தே பிழைப்பவள் அவள். அந்த வட்டத்தில் ஒன்பது நெஞ்சுகள் இருந்தன.

ஒன்றுகூட ஏறி இறங்கவில்லை.

"நீங்கள்லாம்... வீட்டுக்குப் போறதில்லையா?" என்றாள்.

"வீட்டுலதாம்மா இருக்கோம்" என்றார் அந்த பஸ் டிரைவர் அன்பாக. "குடிக்கிற ஆளை இங்க விட்டுட்டுப் போகணும். நீயும் அதுக்குத்தானே வந்தே?"

எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. கதவுக்கு ஓடினாள். கைப்பிடி சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. கதவு அசையவில்லை. தட்டினாள். சுவரைத் தட்டுவது போல் இருந்தது.

போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க? இது எங்கக்கா நம்பராச்சே. போனை மேலயே மறந்து வெச்சிட்டு வந்துட்டா போலிருக்கு."

"நான்தாண்டி! நான் மேலதான் இருக்கேன்! மேல வாடி!"

"ஒண்ணுமே கேக்கலீங்க. ஹலோ?"

தங்கையின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். தெளிவாக. நிதானமாக. அவளுடைய சொந்தக் குரல்.

"விடுடி. நாளைக்கு வந்து வாங்கிக்கலாம். கிளம்பு."

போன் அடங்கியது.

ஜன்னல். திரையைப் பிய்த்து இழுத்தாள். கீழே தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பின்கதவுக்குப் பக்கத்தில் அவளே நின்றிருந்தாள். அதே நீலச் சட்டை. அதே சரிந்த தோள்பை. தங்கை அவளைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் போனாள். கீழே நின்ற அவள் பின்சீட்டில் ஏறி, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மேலே இவள் ஜன்னல் கண்ணாடியை அறைந்தாள். இரண்டு கையாலும். மோதிர விரலின் பழைய தழும்பு கண்ணாடியில் அழுந்தியது. சத்தமே எழவில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்து நெருங்கும் ஒலி.

கீழே குழந்தை மட்டும் தலையைத் தூக்கியது.

நேராக இந்த ஜன்னலைப் பார்த்தது. பார்த்தபடியே இருந்தது. பிறகு தன்னைத் தூக்கி வைத்திருந்தவளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி ஜன்னலை. அலறுவதற்காக அதன் வாய் அகலத் திறந்தது.

மோதிர விரலில் அதே பழைய தழும்போடு, அவளுடைய கை, மேலெழுந்து வந்து அந்தச் சின்ன வாயை மெல்லப் பொத்தியது.

கார் கிளம்பியது.