செருப்புத் துண்டு

ஜீப்பின் ஆக்சிலேட்டர் பெடல் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜினை அணைத்து மூன்று மணி நேரமாகிறது. மத்தியானம் பிடித்த தூறல் இன்னும் விட்டபாடில்லை. ஸ்டீயரிங், கியர் ராடு, கதவுப் பிடி எல்லாம் தொட்டால் சில்லென்றிருக்க, அந்த ஒரு பெடல் மட்டும் யாரோ இப்போதுதான் காலை எடுத்தது போலச் சூடாக இருந்தது. ஆசீர்வாதம் கையை வெடுக்கென்று இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கச்சிராயபாளையத்தில், மலைக்குப் போகிற ரோட்டில்தான் அவருடைய பட்டறை. இருபத்தாறு வருடமாக டீசல் வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவர். அவருக்கே இந்தப் பழைய ஜீப் தண்ணி காட்டியது. சமதரையில் சமர்த்தாகப் போகும். மலையேறி மூன்றாவது வளைவு வந்ததும் அழுத்திய பெடல் மேலே வராது, இன்ஜின் அலறும். முதல் தடவை கேபிளை மாற்றினார். அடுத்த தடவை ரிட்டன் ஸ்பிரிங். அதற்கடுத்து டீசல் பம்ப்பின் லீவரைக் கழற்றிக் கழுவிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் நன்றாக வேலை செய்துவிட்டு, மலைக்குப் போய் மானத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

வேறு வண்டியென்றால் வேறு ஆளைப் பாரென்று துரத்தியிருப்பார். ஆனால் இதில்தான் அவருடைய ஒரே மகள் மெர்லின் தினமும் போகிறாள். மலைமேல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மணியடிப்பதற்குள் போய்ச் சேர இந்த ஏழு மணி ஜீப்பை விட்டால் வேறு கதியில்லை. போன திங்கட்கிழமை இது தடுப்புச் சுவரில் மோதி நின்றபோது அவள் முன்சீட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று பார்க்க, பெடலையும் பம்ப்பையும் இணைக்கிற கேபிளைக் கழற்றிவிட்டார். பம்ப் பக்கம் விரலால் தட்டினால் துள்ளித் திரும்பியது. அங்கே குற்றமில்லை. மிச்சம் இந்தப் பெடல்தான், எதோடும் சேராமல் தொங்குகிற வெறும் இரும்பு. டார்ச்சை அடித்துத் தலையைக் கீழே விட்டார். குனிந்ததும் ஒரு நாற்றம், நாள்கணக்காக ஈரத்தோடு கட்டி வைத்த புண்ணின் நாற்றம், தொண்டைவரை இறங்கியது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெடலின் சின்ன ஸ்பிரிங் கிறீச்சென்று நீண்டது. பெடல் மெல்லக் கீழே போய்த் தகரத்தைத் தொட்டு நின்றது.

யாரும் மிதிக்கவில்லை.

"வீரமுத்து! இங்க வா. பெடல் மேல இன்னாது இது?"

டிரைவர் வீரமுத்து குனிந்து பார்த்தான். "செருப்புண்ணா. ரப்பர் தேஞ்சிப் போயி, மழைக்குக் கால் வழுக்கிக்கினே இருந்துச்சி. அதான் ஒரு துண்டு வெட்டி ஸ்குரூ அடிச்சிக்கினேன்."

"உன்னுதா?"

"இல்லண்ணா. மூணாவது வளைவுல ஒத்தச் செருப்பு கெடந்துச்சி. அடி நல்லா கனமா இருந்துச்சி, வீணாப் போவுதேன்னு எடுத்தாந்தேன். ஆடி கடைசில."

ஆடிக் கடைசியில் அந்த வளைவில்தான் மரவள்ளி லாரி ஒருவன்மேல் ஏறியது. உடம்பைக் கீழே கொண்டுவந்தார்கள். வலது பாதம் மட்டும் கிடைக்கவில்லை, நரி இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். கோளாறு ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். வீரமுத்துவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். "காலைல வந்து வண்டிய எடுத்துக்கிறண்ணா" என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட மறந்து போய்விட்டான்.

ஆசீர்வாதத்துக்கு அடுத்தவர் செருப்பு என்றாலே ஆகாது. மாதா கோயில் வாசலில் தவறி வேறொருவர் செருப்பில் கால் நுழைத்துவிட்டால், வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோப்புப் போடுவார். அப்பேர்ப்பட்டவர் ஸ்குரூடிரைவரோடு அந்த நாற்றத்துக்குள் தலையைக் கொடுத்தார். மகளுக்காகக் கொடுத்தார்.

முதல் ஸ்குரூ சுழன்று வந்த ஓட்டையில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. கிரீஸ் இல்லை. கிரீஸ் இப்படிச் சூடாக விரலில் வழியாது. துண்டின் மேல் ஐந்து விரல் பதிந்த குழிகள். வீரமுத்து தேய்த்த குழிகள் என்று நினைத்தார். பெருவிரல் குழியின் ஓரத்தில் டார்ச் வெளிச்சம் பட்டது.

நகம்.

அழுக்கேறிய, பிளந்த நகம். அதைச் சுற்றிப் பாலாடை போல வெளுத்த தோல். தோலில் இரண்டு மயிர்.

வாந்தி வந்தது. எடுத்தார். வாயைத் துடைத்தார். இடுக்கியால் பிடித்து இழுத்தார். பிய்ந்து வந்தது, சதை பிய்கிற சத்தத்தோடு. வெளியே ஒரு தகர டப்பாவில் போட்டு டீசல் ஊற்றிக் கொளுத்தினார். நெருப்பில் அது ரப்பர் மாதிரி உருகவில்லை. விரல்களை மடக்குவது போல மடங்கியது. தெருவில் போன ஒருவர், "இன்னா ஆசீர்வாதம், கறி வாட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

கேபிளை மாட்டினார். பெடல் சொன்னபடி கேட்டது. ஆனால் வெறும் இரும்பில் நாளைக்கும் கால் வழுக்குமே. ஸ்பேர் கடை சாத்தியிருந்தது. எவனுடைய அழுக்கும் வேண்டாம், நம்முடையதே போதும் என்று, மூலையில் கிடந்த தன் பழைய வலது செருப்பை எடுத்து, அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி இறுக்கமாகத் திருகினார். அணைக்கட்டு வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையுமில்லை. உள்ளங்காலில் கொஞ்சம் கூசியது, அவ்வளவுதான். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

காலையில் மழை விட்டிருந்தது. மெர்லின் முன்சீட்டில் ஏறி, "போய்ட்டு வரேம்பா" என்று கையாட்டினாள். வீரமுத்து பெடலை மிதித்தான்.

பட்டறை வாசலில் நின்றிருந்த ஆசீர்வாதத்தின் வலது உள்ளங்காலை எதுவோ அழுத்தியது. குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடி அழுத்தியது, வெதுவெதுப்பாக, வேர்வையோடு, இன்னொரு பாதம். விட்டது. அழுத்தியது. கியர் மாற்றுகிற கணக்கில் விட்டு விட்டு அழுத்தியது. பாதத்தைக் கல்லில் தேய்த்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். அந்த வேர்வை போகவில்லை.

ஏழே முக்கால். மூன்றாவது வளைவு வருகிற நேரம்.

அவர் கால் தானாகத் தரையை மிதித்தது.

விரல்கள் மடங்கின. குதிகால் எழும்பியது. எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. எண்ணெய் ஊறிய கறுப்பு மண் விரலிடுக்கில் பிதுங்கியது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

எடுத்தாள். அவள் குரலுக்கு முன்னால் இன்ஜினின் அலறல் வந்தது.

"அப்பா! வீரமுத்து அண்ணன் காலை எடுத்துட்டாருப்பா! பெடல் தானா போவுதுப்பா!"

"மெர்லின், குதிச்சிடு! மெர்லின்!"

ஸ்டூலைத் தள்ளிவிட்டுச் சுத்தியலை எடுத்தார். தன் பாதத்தின் மேல் ஓங்கி அடித்தார். நகம் தெறித்தது. எலும்பு நொறுங்கியது. கொஞ்சமும் வலிக்கவில்லை. நொறுங்கிய பாதம், மஞ்சளாகக் கசிந்துகொண்டு, இன்னும் கீழே அழுத்தியது.